எடுப்பது சரி என்றால் திருப்பிக் கொடுப்பதும் சரிதான்: ஒரு பெங்களூரு மென்பொருள் நிறுவனத்தின் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

பெங்களூரு மையத்தின் நிர்வாகக் குழுவினருக்கும் சட்டப் பிரிவின் தலைமைக்கும்,

ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் நிரலைத் திறந்து வைத்திருக்கும் வெளித் திட்டங்களில் ஊழியர்கள் பங்களிப்பதைத் தடைசெய்து சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்க இதை எழுதுகிறேன். இதையே ஆங்கிலத்தில், முறைப்படி, என் மேலாளர் வழியாகவும் எச்.ஆர். வழியாகவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது கொள்கை முடிவு, விவாதிக்க இடமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. உங்களில் பாதிப் பேர் தமிழர்கள். இந்தச் சுற்றறிக்கையால் முதலில் நின்றுபோனதும் தமிழ் சம்பந்தப்பட்ட வேலைதான். அதனால் இந்த முறை தமிழில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் பெயர், நம் நிரலில் ஒரு வரி, எதையும் இதில் எழுதவில்லை.

சுற்றறிக்கை சொல்வது இதுதான். எந்த ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கும் ஊழியர் யாரும் நிரல் அனுப்பக் கூடாது. பிழை அறிக்கை எழுதக் கூடாது. ஆவணம் எழுதக் கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது. அலுவலக நேரமா சொந்த நேரமா என்ற வித்தியாசம் கிடையாது. அலுவலக லேப்டாப்பா வீட்டு லேப்டாப்பா என்ற வித்தியாசமும் கிடையாது. வேலையில் இருக்கும் காலத்தில் நாங்கள் எழுதும் நிரல் எதுவானாலும் நிறுவனத்தின் சொத்து. ஏற்கெனவே எந்தத் திட்டத்திலாவது மெயின்டெய்னராக, அதாவது பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் காலாண்டு முடிவதற்குள் விலகி, விலகியதற்கான சான்றை எச்.ஆருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் ஓப்பன் சோர்ஸை எடுத்துப் பயன்படுத்த மட்டும் தடை இல்லை. செலவு குறையும் என்பதால் அதை ஊக்குவிக்கிறோம் என்று தனிப் பத்தியே எழுதியிருக்கிறீர்கள்.

எவ்வளவு எடுக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும். மருத்துவமனைகளுக்கு நாம் விற்கும் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தால் அடியில் லினக்ஸ் இருக்கிறது. தகவல்களை வைத்திருப்பது போஸ்ட்கிரெஸ். சேவைகளை ஓட்டுவது கூபர்னெட்டிஸ். அவற்றுக்கிடையே செய்தி கொண்டுபோவது காஃப்கா. இணைப்பைப் பூட்டுவது ஓப்பன்எஸ்எஸ்எல். வரவேற்பறையில் இருக்கும் பெண் பார்க்கும் திரை ரியாக்டில் எழுதியது. இவை எதற்கும் நாம் லைசென்ஸ் பணம் கட்டுவதில்லை. நாங்கள் சம்பளத்துக்கு எழுதியது இதற்கெல்லாம் மேலே இருக்கும் ஓர் அடுக்கு மட்டும்தான். அது முக்கியமான அடுக்கு, அதற்காகத்தான் மருத்துவமனைகள் நமக்குப் பணம் தருகின்றன, சரி. ஆனால் கீழே இருப்பது இல்லாமல் அது ஒரு நாள்கூட நிற்காது.

நம் நிறுவனம் மட்டும் இப்படி என்று இல்லை. வணிக மென்பொருள்களைத் தணிக்கை செய்துவந்த சினாப்சிஸ், 2024இல் வெளியிட்ட அறிக்கையில் தான் சோதித்த நிரல்தொகுப்புகளில் 96 சதவீதத்தில் ஓப்பன் சோர்ஸ் கலந்திருப்பதாகச் சொன்னது. ஓப்பன் சோர்ஸ் என்று ஒன்று இல்லாவிட்டால் நிறுவனங்கள் மென்பொருளுக்கு இப்போது செலவழிப்பதைப்போல மூன்றரை மடங்கு செலவழிக்க வேண்டியிருக்கும் என்று அதே ஆண்டில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மொத்த மதிப்பாக அவர்கள் சொன்ன தொகை 8.8 லட்சம் கோடி டாலர். உங்கள் பட்ஜெட் கூட்டத்தில் இந்தத் தொகையில் நம் பங்கு எவ்வளவு என்று யாராவது ஒரு வரி போட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்படித் தடுப்பது நம் தயாரிப்பையே எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு இதன் முடிவு மட்டும் தெரியும், நடுவில் நடந்தது தெரியாது.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு நாம் தரும் பதிப்பில் மருந்துச் சீட்டு தமிழில் அச்சாகும். எந்த மாத்திரை, எத்தனை வேளை, காலையா இரவா என்று நோயாளி வீட்டில் போய்ப் படிக்கும் சீட்டு அது. அதை பிடிஎஃப் ஆக்குவதற்கு ஓர் ஓப்பன் சோர்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறோம் (நூலகம் என்பது மற்ற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு). நல்ல நூலகம், ஆங்கிலத்துக்குக் குறையே சொல்ல முடியாது. தமிழில்தான் சிக்கல். 'லை' என்பதைக் கணினி முதலில் ல, பிறகு ஐகாரக் குறி என்ற வரிசையில் சேமித்து வைக்கிறது. அச்சிடும்போது குறி ல-வுக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். 'கொ' என்றால் குறி இரண்டாகப் பிரிந்து ஒரு துண்டு முன்னாலும் ஒரு துண்டு பின்னாலும் போக வேண்டும். எழுத்தை இப்படி வரிசை மாற்றிச் சேர்த்துக் கொடுப்பதற்கு ஷேப்பிங் என்று பெயர். ஆண்ட்ராய்டு போனிலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் லிப்ரேஆஃபீஸிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் நூலகம். இந்த மடலை நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் படித்தால் இதிலுள்ள ஒவ்வொரு 'கொ'வையும் கோத்துத் தருவது அதுதான். நம் பிடிஎஃப் நூலகத்தில் அது இல்லை. அதனால் 'காலை', 'வேளை', 'கொடுக்கவும்' எல்லாமே குறி இடம் மாறி, படிக்க முடியாமல் அச்சாயின. செவிலியர்கள் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அணியில் திருநெல்வேலியிலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளர் இருக்கிறார். அவர் அந்த நூலகத்தின் நிரலைத் திறந்து, எழுத்துகளை வரையும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஹார்ஃப்பஸை அழைக்கும்படி மாற்றினார். சொல்லும்போது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு அகலம், எங்கே வரி மடங்க வேண்டும், பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் தமிழ் தமிழாகவே வருகிறதா என்று அத்தனையையும் பார்த்து எழுதிய அருமையான வேலை அது. தமிழுக்கு எழுதியது கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் அப்படியே பொருந்தியது. சேலத்தில் முதன்முதலாகச் சரியாக அச்சான சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

வழக்கமாக அடுத்து என்ன செய்வார்கள்? திருத்தத்தை மூல நூலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருப்பவர்கள் அதைச் சோதித்து, குறை இருந்தால் சொல்லி, சேர்த்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் நூலகத்தின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அது தானாகவே இருக்கும். சுற்றறிக்கைக்கு முன்பும் இதற்கு அனுமதி வேண்டும், நாங்கள் கேட்டுப் படிவம் கொடுத்தோம். சட்டப் பிரிவில் அது பரிசீலனையில் இருந்தது, இருந்தது, இருந்துகொண்டே இருந்தது. இதற்கிடையில் நூலகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வந்தது. மருத்துவமனைத் தகவல் என்பதால் உடனே மாற வேண்டும். புதிய பதிப்பில் எங்கள் பேட்ச், அதாவது அந்தத் திருத்தம், ஒட்டவில்லை. வார இறுதியில் உட்கார்ந்து திரும்பவும் பொருத்தினோம். அடுத்த பதிப்பு வந்தபோது திரும்பவும் அதே வேலை. அதற்கடுத்த ரிலீஸில், நம் மென்பொருளைத் தொகுத்துத் தரும் பில்ட் சர்வர் எங்கள் பேட்ச் போட்ட நூலகத்தை விட்டுவிட்டுப் பொதுப் பதிப்பை எடுத்துக்கொண்டது. தமிழ் மறுபடியும் உடைந்தது. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ஆன்-கால் போன் அடித்தது இரவில். மறுநாள் காலையில் ஒரு வாடிக்கையாளர், இரண்டு வருடத்துக்கு முன்னால் சரிசெய்ததாகச் சொன்ன விஷயம்தானே இது என்று கேட்டதற்கு உங்களில் ஒருவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அந்த நூலகத்தின் பிழைப் பட்டியலில் கேரளத்திலிருந்து ஒருவர் மலையாளத்துக்கு இதே சிக்கலை எழுதியிருந்தார். ஒரு பள்ளிக்கான மென்பொருளில் பிள்ளைகளின் பெயர்கள் சான்றிதழில் தப்பாக அச்சாகின்றன, யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டிருந்தார். வழி எங்களுக்குத் தெரியும். எங்கள் சர்வரில் வேலை செய்துகொண்டிருந்தது. நாங்கள் பதில் எழுதவில்லை, எழுத அனுமதி இல்லை. எழுதியிருந்தால் நம் நிறுவனத்துக்கு எந்த நஷ்டமும் வந்திருக்காது. திரும்பத் திரும்பப் பேட்ச் பொருத்தும் வேலை மிச்சமாகியிருக்கும் என்பதால் லாபம்தான் வந்திருக்கும்.

நம் ஊர்களில் ஏரிக்குக் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. அந்த ஏரித் தண்ணீரில் பயிர் வைப்பவர்கள் எல்லாரும் ஆள் அனுப்பித் தூர்வார வேண்டும், கரையை மேடாக்க வேண்டும். பெரிய பண்ணைக்காரர் என்று விலக்குக் கிடையாது. இன்று ஓப்பன் சோர்ஸ் ஏரியில் அதிகம் தண்ணீர் எடுப்பவர்கள் நம்மைப் போன்ற நிறுவனங்கள். ஆள் அனுப்ப மாட்டோம் என்று சொல்வது ஒரு பக்கம். தானாகப் போகிறவனையும் மண்வெட்டியைக் கீழே போடு என்று தடுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

உங்கள் சுற்றறிக்கை பாதுகாப்பைக் காரணம் காட்டுகிறது. எக்ஸ்-இசட் சம்பவத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறீர்கள். நானும் அதைப் பற்றியே பேசுகிறேன். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும் எக்ஸ்-இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நூலகத்தை நீண்ட காலம் கவனித்துவந்தவர் பெரும்பாலும் ஒரே ஆள். சம்பளம் இல்லாத, களைத்துப்போன ஆள். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பை வாங்கி, 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்தார். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் பொறியாளர். தொலைவில் இருக்கும் ஒரு கணினிக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியது. நூலைப் பிடித்துக்கொண்டே போனார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கே சொல்லிவிட்டார்.

அவர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? மைக்ரோசாஃப்டில். ஓர் ஓப்பன் சோர்ஸ் தரவுத்தளத்தில் வேலை செய்ய அவருக்கு அந்த நிறுவனம் சம்பளம் கொடுத்தது. அவருக்கு நம் சுற்றறிக்கை பொருந்தியிருந்தால் அந்த அரை விநாடியைப் பற்றி அவர் வெளியே ஒரு வார்த்தை எழுதியிருக்க முடியாது, பிழை அறிக்கையும்தானே தடை. எக்ஸ்-இசட் நமக்குக் காட்டியது, தனி ஆளை உதவி இல்லாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் உதவி என்று உள்ளே வரலாம் என்பதை. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோதும் இதே பாடம்தான். பாதி இணையத்துக்குப் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அப்போது ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர், முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற, பரவலாகப் பயன்படும் ஓப்பன் சோர்ஸ் நூலகத்தில் ஓட்டை வந்தபோது அதை அடைக்கத் தூக்கம் விழித்தவர்கள் தன்னார்வலர்கள். அந்த வாரம் நாம் எல்லாரும் அவர்களுடைய அடுத்த பதிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். உதவ ஓர் ஆளைக்கூட நாம் அனுப்பவில்லை.

மூடி வைத்தால் பாதுகாப்பு என்பதும் உண்மை இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் சுருண்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அது மூடிய மென்பொருள், பணம் கொடுத்து வாங்கியது, ஒப்பந்தம் போட்டது. அதற்காக மூடிய மென்பொருள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்தில் வேலை செய்யும் முறையின் நல்லதும் எனக்குத் தெரியும். தேதி சொன்னால் தேதிக்கு முடிப்போம். யாரும் விரும்பாத சோதனை வேலையையும் முறை வைத்துச் செய்வோம். வாடிக்கையாளர் இரவு 2 மணிக்குக் கூப்பிட்டால் எடுக்க ஆள் இருக்கும். தன்னார்வத் திட்டம் இதற்கெல்லாம் உத்தரவாதம் தர முடியாது. அங்கே இருப்பது வேறு பலம்: யார் எழுதினாலும் எல்லார் கண்ணிலும் படும், எழுதியவர் போனாலும் அவர் செய்த வேலை நிலைத்து நிற்கும். நம் தயாரிப்புக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஆட்கள் போய்வர வழி இருந்தால்தான் அது நடக்கும்.

1976 பிப்ரவரியில் பில் கேட்ஸும் ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டெய்ர் கணினிக்குத் தாங்கள் எழுதிய பேசிக் என்ற நிரல்மொழி மென்பொருளைப் பொழுதுபோக்காளர்கள் பணம் தராமல் நகலெடுக்கிறார்கள், கூலி இல்லாமல் யார் தரமான வேலை செய்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் எழுதிய மென்பொருள் அவருடையது. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, இன்று நிரல் எழுதுபவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். கூலியும் இருக்கிறது, நிரலும் எல்லாருக்கும் கிடைக்கிறது. 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்ன, அப்போதைய தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மரின் அதே மைக்ரோசாஃப்ட், ஓப்பன் சோர்ஸ் நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தை 2018இல் 750 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அவர்கள் கணக்குப் பார்க்காமல் மாறவில்லை. இதே பெங்களூரில் ஜெரோதா என்ற பங்கு வர்த்தக நிறுவனம், ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கென்று ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் நிதி ஒன்றை 2024இல் தொடங்கியது. 2000களின் தொடக்கத்திலேயே லினக்ஸ் பெங்களூர் என்று மாநாடு நடத்திய ஊர் இது. அந்த மாநாட்டில் கற்றுக்கொண்டவர்கள் இன்று உங்கள் மேசையைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாம் ஆள் எடுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஒரு தம்பி இருக்கிறார். 2001இல் சுரங்கத்தை மூடியபின் அந்த ஊரில் வேலை இல்லை. பாதி ஊர் விடிவதற்கு முன்னால் ரயிலேறி பெங்களூர் வருகிறது. பெயர் பெற்ற கல்லூரியில் படிக்க அவருக்கு வசதி இல்லை. நிரல் கற்றது மற்றவர்கள் எழுதி வைத்த ஓப்பன் சோர்ஸ் நிரலைப் படித்து, சின்னச் சின்னப் பிழைகளைச் சரிசெய்து அனுப்பி, தப்பு என்று திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதி. அவருடைய நேர்காணலில் நானும் இருந்தேன். அவருடைய கிட்ஹப் பக்கத்தைத் திரையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டோம். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு எழுத்தில் கொடுத்த முதல் காரணமே அந்தப் பங்களிப்பு. இப்போது அதே பக்கத்தைக் காட்டி, இதையெல்லாம் விட்டு விலகிவிட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். அடுத்த முறை இவரைப் போன்ற ஒரு பையனோ பெண்ணோ நம்மிடம் வரும்போது அவர்களிடம் என்ன சொல்வது?

அவரும் நானும் இன்னும் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுவோம். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வருவார், தமிழாசிரியர் ஒருவர் வருவார். நாங்கள் செய்வது தமிழ்ச் சொற்பிழைத் திருத்திக்கான வேலை. லிப்ரேஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் எல்லாவற்றிலும் பிழை திருத்துவது ஹன்ஸ்பெல் என்ற எஞ்சின். அது முதலில் ஹங்கேரி மொழிக்காக எழுதப்பட்டது. அந்த மொழியிலும் தமிழைப் போலவே ஒரு சொல்லின் பின்னால் விகுதிகள் அடுக்கிக்கொண்டே போகும். வீடு என்ற ஒரு சொல்லுக்கு வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான், வீடுகளுக்கும் என்று எத்தனை வடிவம்! எல்லாவற்றையும் பட்டியலில் எழுதி முடியாது, விதியாக எழுத வேண்டும். எங்கோ ஒரு ஹங்கேரிக்காரர் தன் மொழிக்குச் செய்ததை எல்லாருக்கும் திறந்து வைத்ததால் நாங்கள் அதில் தமிழ் விதிகளை எழுதுகிறோம். தமிழாசிரியர் புணர்ச்சி விதியைச் சொல்வார், தம்பி அதை நிரலாக்குவார், பெரியவர் பழைய செய்தித்தாள் வாக்கியங்களைப் போட்டுச் சோதிப்பார்.

இதற்கும் மருத்துவமனை பில்லிங்குக்கும் என்ன சம்பந்தம்? இதில் எந்த வணிக ரகசியம் வெளியே போகிறது? இந்த வேலையை எந்த நிறுவனமும் லாபத்துக்காகச் செய்யப்போவதில்லை. கணியம் போன்ற தன்னார்வ முயற்சிகள் பத்து வருடங்களுக்கு மேலாகத் தமிழில் இப்படித்தான் கைக்குக் கை கொடுத்து வளர்ந்திருக்கின்றன. உங்கள் சுற்றறிக்கை வந்தபின் மாடிக்கு வருவது பெரியவரும் ஆசிரியரும் மட்டும்தான். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள். உங்களைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் இதே தாளை நீட்டினால் தமிழில் இந்த மாதிரி வேலை செய்ய ஆளே இருக்காது.

அப்புறம் உரிமை பற்றி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17(சி) என்ன சொல்கிறது? ஊழியர் தன் பணியின் போக்கில் உருவாக்கும் படைப்புக்குத்தான், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, நிறுவனம் முதல் உரிமையாளர். ஞாயிற்றுக்கிழமை சொந்த லேப்டாப்பில் எழுதும் புணர்ச்சி விதி பணியின் போக்கில் வராது. சட்டம் உங்களுக்குத் தராததை ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். நம் தலைமையகம் கலிஃபோர்னியாவில். அங்கே தொழிலாளர் சட்டம் பிரிவு 2870 இருக்கிறது. சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில், நிறுவனத்தின் தொழிலோடு சம்பந்தமில்லாமல் ஊழியர் உருவாக்கியதை நிறுவனம் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க முடியாது. அதனால் அங்கிருப்பவர்களுக்கு விதிவிலக்கு என்று சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒரே அணி, ஒரே நிரல் களஞ்சியம், ஒரே மீட்டிங். அங்கே இருப்பவருடைய ஞாயிறு அவருக்குச் சொந்தம், பெங்களூரில் இருப்பவருடைய ஞாயிறு நிறுவனத்துக்குச் சொந்தம். இதை எங்களால் ஏற்க முடியாது.

வணிகமாகப் பார்த்தாலும் இந்தச் சுற்றறிக்கைக்கு ஆயுள் குறைவு. நாம் ஐரோப்பாவிலும் விற்கிறோம். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் என்ற டிஜிட்டல் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து தொடங்குகின்றன. தன் தயாரிப்பில் சேர்த்த ஓப்பன் சோர்ஸ் பாகத்தில் ஓட்டை கண்டால் அதைப் பராமரிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும், திருத்தம் எழுதியிருந்தால் அந்த நிரலையும் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் இன்று தடை செய்ததை அன்று சட்டம் கட்டாயமாகக் கேட்கும். ஓட்டையை எப்படி அறிவிப்பது, வெளியாருடன் எப்படி ரிவ்யூ செய்வது என்று பழகிய ஆட்களை இப்போதே விலகச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் யாரைத் தேடுவீர்கள்?

உங்கள் பயங்களில் சில நியாயமானவை. யாராவது கவனக்குறைவாக நம் நிரலையோ நோயாளித் தகவலையோ வெளியே அனுப்பிவிடக் கூடாது. சேர்த்து வெளியிடும் நிரலையும் திறந்து வைக்கச் சொல்லும் ஜிபிஎல் போன்ற லைசென்ஸின் நிபந்தனை தெரியாமல் நம் தயாரிப்பில் எதையாவது கலந்துவிடக் கூடாது. இவற்றுக்கு விதி வேண்டும், நாங்களே அதைக் கேட்கிறோம். பல நிறுவனங்கள் இதற்கென்று ஒரு சிறு அலுவலகம் வைத்து, ஒரு பக்கத்தில் விதி எழுதி, நடத்திக்கொண்டிருக்கின்றன. முழுத் தடை போட்டால் அந்த வேலை மிச்சம் என்பதைத் தவிர வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் கேட்பது இவை.

காலாண்டு இறுதிக்குள் விலகிச் சான்று தர வேண்டும் என்ற கெடுவை இன்றே நிறுத்தி வையுங்கள். மற்றதைப் பேசி முடிக்கும்வரை யாரையும் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே பயந்து கையெழுத்துப் போட்டவர்களின் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில், நம் தொழிலோடு சம்பந்தமில்லாமல் எழுதும் எதற்கும் நிறுவனம் உரிமை கோராது என்று, கலிஃபோர்னியா ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கும் அதே வாசகத்தில், பெங்களூரு ஊழியர்களின் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்.

அலுவலக வேலையின்போது நாம் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் பாகங்களில் கண்ட பிழைகளையும் அவற்றுக்கு எழுதிய திருத்தங்களையும் மூலத் திட்டத்துக்கு அனுப்ப நிரந்தர அனுமதி கொடுங்கள். சந்தேகமானவற்றைப் பார்க்க சட்டப் பிரிவிலிருந்து ஒருவர், பொறியாளர்களிலிருந்து இருவர் போதும். 15 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று விதி வையுங்கள். அந்த வரிசையில் முதலாவதாக, காத்துக் கிடக்கும் பிடிஎஃப் திருத்தத்தை விடுங்கள். அதை எழுதியவர் தன் பெயரிலேயே அனுப்பட்டும்.

நம் தயாரிப்பு சாய்ந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் பாகங்களின் பட்டியலை எடுத்து, ஒன்றிரண்டு பேர் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் திட்டங்கள் எவை என்று பார்த்து, அடுத்த நிதியாண்டு பட்ஜெட்டில் அவர்களுக்கென்று ஒரு தொகை ஒதுக்குங்கள். எவ்வளவு என்பதை நீங்கள் தீர்மானியுங்கள், ஆனால் பூஜ்யமாக இருக்கக் கூடாது.

இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், பெங்களூரு மையத்தின் எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்து, இந்த மாதம் முடிவதற்குள் அனுப்புங்கள். நேரில் பேச அழைத்தால் தனியாக வர மாட்டேன். பேட்ச் எழுதியவரும் கோலார் தம்பியும் என்னுடன் வருவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெங்களூரு மையத்தின் பொறியாளர்களில் ஒருவன்